"பழசை விட்டுவிட்டு முன்னேறு" என்பதுதான் நாட்டிலஸ் கவிதையின் பொருளா?

தாழை (கேள்வி):
அமெரிக்கக் கவிஞர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸின் "தி சேம்பர்டு நாட்டிலஸ்" (1858) கவிதைக்கு விளக்கம் எழுத வேண்டும். நாட்டிலஸ் என்பது சுருள் ஓட்டுக்குள் வாழும் கடல் உயிர். உடைந்த ஓடு, உள்ளே சுருள்சுருளாக அறைகள், கடைசியில் "ஆன்மாவே, இன்னும் பெரிய மாளிகைகளைக் கட்டு" என்ற கட்டளை. கைடுகள் எல்லாம் "பழசை விட்டுவிட்டு முன்னேறு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு இரண்டு இடம் இடிக்கிறது. நாட்டிலஸ் பழைய அறைகளைச் சுமந்துகொண்டுதானே திரிகிறது? கடைசிப் பத்தியில், புதிய கோயிலின் கூரை "உன்னை வானிலிருந்து மறைக்கட்டும்" என்று வருகிறதே, வளர்ச்சி ஏன் வானத்தை மறைக்க வேண்டும்?

நெய்தல்:
முதல் சந்தேகம் சரியானது. உயிர் இருப்பது கடைசி அறையில் மட்டும். உடல் பெருக்கப் பெருக்க அது முன்னால் நகர்ந்து, முதுகுப் பக்கம் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பும். முட்டையிலிருந்து வரும்போதே ஏழு அறை போல இருக்கும்; முழு வளர்ச்சியில் முப்பதைத் தொடும். ஒவ்வொரு தடுப்பின் நடுவிலும் ஒரு துளை, அதன் வழியே எல்லா அறைகளையும் கோத்தபடி சிஃபங்கிள் என்ற சதைக்குழாய் ஓடும். புதிய அறையில் முதலில் நீர் நிறைந்திருக்கும். குழாய் அந்த நீரிலுள்ள உப்பை உறிஞ்ச, நீரும் பின்னாலேயே போய்விடும். அந்த இடத்தில் வாயு சேரும். ஓட்டின் கனத்துக்கு அது மூழ்காமல் மிதப்பதே கைவிட்ட அறைகளின் தயவால்தான்.

கவிதை சொல்வது வேறு. வருடத்துக்கு ஒரு வீடு, பளபளக்கும் வளைவு வாசலில் மெல்ல நுழைவது, பின்னால் கதவை அடைப்பது, பழைய வீட்டை மறந்துபோவது. அப்படி ஒரு வாசல் ஓட்டில் கிடையாது, குழாய் போகும் துளை மட்டும்தான். வருடக் கணக்கும் பொருந்தாது. சிறு வயதில் ஓர் அறைக்குச் சில வாரங்கள், பிறகு மாதங்கள். முதல் பத்தியில் கப்பல்போலப் பாய் விரித்துப் போவதும் நாட்டிலஸுக்கு உரியதல்ல, ஆர்கோனாட் என்ற வேறொரு உயிரைப் பற்றிய பழங்கதை. அதைக் கவிஞர்களின் கற்பனை என்று ஹோம்ஸே முதல் வரியில் சொல்லிவிடுகிறார். ஹார்வர்டில் உடற்கூறு பேராசிரியராக இருந்தவர், அறியாமல் எழுதவில்லை.

நாட்டிலஸ் ஓடு தங்க விகிதத்தில் (ஏறத்தாழ 1.618) வளரும் சுருள் என்று பலர் சொல்வார்கள், அதை மட்டும் விளக்கத்துக்குள் கொண்டுவராதீர்கள். தங்கச் சுருள் ஒரு முழுச் சுற்றில் 6.85 மடங்கு விரியும், நாட்டிலஸ் ஓடு ஏறத்தாழ 3 மடங்குதான்.

யாப்பு:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கவிதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது, கைடுகள் தாண்டிப்போவதும் அதைத்தான்.

கடைசிப் பத்தியின் வினைகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள்: கட்டு, விடு, மறைக்கட்டும், விடுதலை ஆகும்வரை. ஒவ்வொரு கோயிலும் முந்தியதைவிடப் பெரிது, ஆனாலும் அது கூரைதான். கூரை உயர்ந்தாலும் உள்ளே இருப்பவனுக்கு வானம் தெரியாது. ஆக, வளர்ச்சி என்பது சிறை விரிவது. விடுதலை வருவது கடைசி வரியில், ஓட்டையே கரையில் போட்டுவிட்டுப் போகும்போது, அது மரணம். இதைச் சுயமுன்னேற்றப் பாட்டாக வாசித்தால் "மறைக்கட்டும்" என்ற சொல்லை முழுங்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது, "நீ" யார் என்று பத்திக்குப் பத்தி பாருங்கள். இரண்டாம் பத்தியில், உடைந்த ஓட்டின் முன் நிற்கும் வாசகன். நான்காம் பத்தியில் நாட்டிலஸ். ஐந்தாம் பத்தியில் ஆன்மா. ஒரே முன்னிலைச் சொல் மூன்று பேரைத் தொட்டுப் போகிறது. உயிரும் அப்படியே: முதலில் "அது", குடியிருப்பவனாகப் பேசப்பட்டதும் "அவன்", செத்தபின் "நீ". நெருக்கம் சாவுக்குப் பிறகுதான் வருகிறது. செய்தியும் செத்த உதடுகளிலிருந்துதான் பிறக்கிறது. ஓடு உடையாமல் இருந்திருந்தால் அறைகளை யாரும் பார்த்திருக்க முடியாது.

வடிவத்தையும் விடாதீர்கள். பத்திக்கு ஏழு அடி. அசை எண்ணிக்கை 10, 6, 6, 10, 10, 6, 12. சுருங்கி விரிந்து, மறுபடி சுருங்கி, எல்லாவற்றிலும் நீண்ட அடியில் முடியும். ஓட்டின் கடைசி அறைபோல. இயைபு முதல் இரண்டு அடிக்கு ஒன்று, நடு மூன்றுக்கு ஒன்று, கடைசி இரண்டுக்கு ஒன்று. வாய்விட்டுப் படித்தால் பன்னிரண்டு அசை அடியில் மூச்சு நீள்வது தெரியும்.

நான்காம் பத்தியின் டிரைட்டன், சங்கு ஊதும் கிரேக்கக் கடல்தேவன். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1807இல் வெளியிட்ட ஒரு சானெட் (பதினான்கு அடிக் கவிதை) அந்தச் சங்கொலியைக் கேட்கும் ஏக்கத்தோடு முடியும். அதைவிடத் தெளிவான ஒலி இந்த ஓட்டில் எழுகிறது என்கிறார் ஹோம்ஸ்.

முல்லை:
தமிழ் மாணவர்கள் இதை "உள்ளுறை உவமம்" என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. உள்ளுறையில் நிலமும் உயிரும் மட்டும் பேசும், உட்பொருளை வாசகன் தேடி எடுக்க வேண்டும். இங்கே ஐந்தாம் பத்தி ஆன்மாவைப் பெயர்சொல்லி அழைத்துவிடுகிறது. இதே காரணத்தால், உவமையை மட்டும் சொல்லிப் பொருளைக் குறிப்பால் உணர்த்தும் பிறிதுமொழிதலும் ஆகாது. "உவமையை விரித்து, பொருளையும் வெளிப்படையாகச் சொல்கிறது" என்று எழுதினால் போதும்.

"தாழ்ந்த கூரையுள்ள கடந்தகாலம்" என்பதற்குச் சமயப் பொருளும் சொல்வதுண்டு. ஹோம்ஸின் தந்தை, கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவான கால்வினியத்தைச் சேர்ந்த பாதிரியார். மகன், தாராளப் போக்குள்ள யூனிடேரியன் பிரிவின் பக்கம் வந்தவர். தாழ்ந்த கூரை தந்தையின் சமயம் என்பது அந்த வாசிப்பு. ஆனால் கவிதைக்குள் எந்த மதத்தின் பெயரும் இல்லை, ஒரு வாக்கியத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

தாழை:
நன்றி. அப்படியானால் உயிரியல் முரண்பாட்டை எங்கே வைப்பது? கவிதையின் குறை என்று எழுதலாமா?

யாப்பு:
குறை என்று எழுதாதீர்கள். மூன்றாம் பத்திக்கு விளக்கம் எழுதும் இடத்தில் வையுங்கள். முதலில் கவிதை சொல்வது: கதவை அடைத்தான், பழையதை மறந்தான். அடுத்த வாக்கியத்தில் ஓடு காட்டுவது: மூடிய அறைகள்தான் அவனை மிதக்கவைக்கின்றன. அங்கிருந்து நேராக ஐந்தாம் பத்தியின் "விடு" என்ற கட்டளைக்குப் போங்கள். வாழ்கிறவரை நாட்டிலஸால் செய்ய முடியாத ஒன்றைத்தான் அவர் ஆன்மாவிடம் கேட்கிறார். இரண்டாம் பத்தியின் கிழிந்த கூரையையும் கடைசிப் பத்தியின் கூரையையும் பக்கத்தில் பக்கத்தில் மேற்கோள் காட்டுங்கள். முதல் கூரை உடைந்ததால்தான் உள்ளே வெளிச்சம் விழுந்தது.