செராமிக் ரெக்குப்பரேட்டர்: காற்று சூடேறவில்லை, உதவுங்கள்

வணக்கம். ஃபோர்ஜிங் உலைக்குப் பின்னால் சிலிக்கான் கார்பைடு குழாய் ரெக்குப்பரேட்டர் (வெளியேறும் புகையின் வெப்பத்தால் எரிப்புக்கான காற்றைச் சூடாக்கும் கருவி) ஒன்று ஓடுகிறது. புகைவாயு 1150 டிகிரியில் நுழைந்து 620-இல் வெளியேறுகிறது, காற்று 35-இலிருந்து 610 வரைதான் ஏறுகிறது. எஃபெக்டிவ்னஸ் (காற்று ஏறிய டிகிரியை, புகை நுழையும் வெப்பநிலைக்கும் காற்று நுழையும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தது) 0.52 வருகிறது, டிசைனில் 750 டிகிரி, அதாவது 0.64.

புகை இழந்த வெப்பத்தையும் காற்று வாங்கியதையும் ஒப்பிட்டால் கணக்கு 12 சதவீதம் இடிக்கிறது. புகையில் ஆக்சிஜன் உள்ளே 3, வெளியே 4.5 சதவீதம், காற்றுப் பக்கம்தான் அழுத்தம் அதிகம் என்பதால் சீல் வழியாகக் கசிகிறது என்று நினைக்கிறேன். போன வாரம் உலையை நிறுத்தியபோது பார்த்தேன், குழாய் முனையில் சீலாகச் சுற்றிய ஃபைபர் கயிறு விரல் பட்டதுமே பொடியாக உதிர்ந்தது. அப்புறம், குழாய்களின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படிவு வேறு, சுரண்டினாலும் வரவில்லை.

கசிவால் எவ்வளவு, படிவால் எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? கார்பன் டை ஆக்சைடு, நீராவியின் கதிர்வீச்சையும் சேர்த்துத்தான் கணக்கிட்டேன். ஆனால் மூடியில்லாத தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) எதிரே உள்ள குளிர்ந்த குழாய்களுக்குக் கதிர்வீச்சாக வெப்பத்தை இழந்து குறைவாகக் காட்டும் என்பதால் அந்த 1150 மேலேயே சந்தேகம். சக்‌ஷன் பைரோமீட்டர் (கதிர்வீச்சுத் தடுப்புக்குள் இருக்கும் உணரி மேல் புகையை உறிஞ்சி அளக்கும் கருவி) வைத்து அளந்தவர்கள் எவ்வளவு வித்தியாசம் பார்த்தீர்கள்? அடுத்த நிறுத்தத்துக்குள் சீலை மாற்றுவதா, குழாயையே மாற்றுவதா என்று நான் சொல்லியாக வேண்டும்.