முந்திரி, வேர்க்கடலை ஒவ்வாத குழந்தையுடன் உணவகத்திற்குச் செல்வது

கேள்வி:
வணக்கம். எங்கள் நான்கு வயது மகளுக்கு வேர்க்கடலையும் முந்திரியும் ஒவ்வாது என்று மருத்துவர் உறுதிசெய்திருக்கிறார். உறவினர் திருமணத்திற்காக மதுரைக்குச் செல்லவிருப்பதால், சில வேளைகள் வெளியில் உண்ணாமல் இருக்க முடியாது. உணவகத்தில் என்ன கேட்க வேண்டும், எவற்றை அறவே தவிர்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
"கடலை இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் வரும், ஏனெனில் குருமாவிலும் பனீர் மசாலாவிலும் கெட்டியாவதற்காக அரைத்துச் சேர்க்கும் முந்திரி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே சமையல் மாஸ்டரிடமே ஒவ்வொரு பதார்த்தமாகக் கேளுங்கள். தேங்காயைக் குறைத்து வேர்க்கடலை சேர்த்துச் சட்னி அரைக்கும் கடைகளும் உண்டு. பொங்கலிலிருந்து முந்திரியைப் பொறுக்கிவிட்டுத் தருவதாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். முந்திரி வறுத்த நெய் அதிலேயே கலந்திருக்கும். கூட்டமில்லாத நேரத்தில் சென்றால் நிதானமாகப் பதில் சொல்வார்கள்.

மறுமொழி 2:
எண்ணெயையும் விசாரியுங்கள். நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் ஏறக்குறைய நீக்கப்பட்டிருக்கும். செக்கில் ஆட்டியதில் அது எஞ்சியிருக்கும். மரச்செக்கு எண்ணெய் என்று பெருமையாகப் பலகை வைத்திருக்கும் கடைதான் நமக்கு ஆபத்து! 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகள் நடத்தும் உணவகங்கள் ஒவ்வாமைப் பொருள்களைத் தெரிவிக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை கூறுவதால், அங்கே தயங்காமல் கேட்கலாம்.

மறுமொழி 3:
கடும் ஒவ்வாமைக்கான அவசர மருந்தாகிய அட்ரினலின் ஊசியை மருத்துவர் எழுதித் தந்திருந்தால், அது விடுதி அறையில் அல்ல, உங்கள் கைப்பையிலேயே இருக்க வேண்டும். உண்டபின் மூச்சுத்திணறலோ தொண்டை வீக்கமோ தோன்றினால், செட்ரிசின் போன்ற சாதாரண ஒவ்வாமை மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், உடனே தொடையின் வெளிப்புறத்தில் ஊசியைச் செலுத்தி 108ஐ அழையுங்கள்.