நிலைப்பு, நன்னிலை, நலிவு: பல் உள்வைப்புக்குச் சொல் தேடிய இழை

தக்கலையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் பல் மருத்துவத்துக்கு வரும் நோயாளிகளுக்குக் கொடுக்கப் பல் உள்வைப்பு (பல் போன இடத்தில் தாடை எலும்பில் திருகு பதித்து, அதன்மேல் செயற்கைப் பல் வைப்பது) பற்றி நான்கு பக்கத் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். டைட்டானியத் திருகின்மேல் எலும்பு நேரடியாக வளர்ந்து பற்றுவதற்கு நம் சொல்லாக்கக் குழுவில் சென்ற மாதம் முடிவான ‘எலும்பிணைவு’ நன்றாகவே பொருந்தியது. ‘இணைப்பு’ என்றால் யாரோ இணைக்க வேண்டும், ‘இணைவு’ தானாக நடப்பது என்று குலசேகரம் சார் பிடிவாதம் பிடித்தது சரிதான்.

இப்போது வேறோர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். ‘சர்வைவல் ரேட்’, ‘சக்சஸ் ரேட்’ என்று இரண்டு கணக்குகள் உண்டு. வைத்த திருகு வாயில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது முதலாவது. எப்படி இருக்கிறது என்று பார்ப்பது இரண்டாவது. தமிழ் விளம்பரங்களில் இரண்டுமே ‘வெற்றி விகிதம்’ ஆகிவிடுகின்றன. பெரிய எண் எதுவோ அது அச்சேறுகிறது. பிரித்துச் சொல்லச் சொற்கள் தாருங்கள்.

குலசேகரத்திலிருந்து:

அம்மா, இது ரப்பர்க்காரனுக்குப் பழகிய கணக்கு. தோட்டம் வாங்க வருகிறவர் புதியவர் என்றால், “எத்தனை மரம் நிற்கிறது?” என்பார். விவரம் தெரிந்தவர், “எத்தனை மரத்தில் பால் வெட்டுகிறீர்கள்?” என்று கேட்பார். பட்டை வறண்டு பால் நின்றுபோன மரமும் பச்சை இலையோடுதான் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது.

‘வெற்றி’ எனக்கு இன்னொரு காரணத்தாலும் உவப்பாக இல்லை. வென்றவன் வீட்டுக்குப் போய்விடலாம். நீங்கள் சொல்லும் சங்கதியில் யாரும் வீட்டுக்குப் போக முடியாதே! புறத்திணையில் சொன்னால் இது வெற்றியைப் பாடும் வாகை அல்ல, நொச்சி. மதிலைக் காக்கும் வேலை. ஈறுதான் மதில். (பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியனிடம் கேட்டால் இப்படித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

என் முன்மொழிவு: வாயில் தங்கியிருப்பது நிலைப்பு. நலத்தோடு தங்கியிருப்பது நன்னிலை. தங்கியும் நலமில்லாதது நலிநிலை. ஒரு பேச்சுக்கு, 100 திருகுகள் வைத்து, பத்தாண்டுக்குப் பிறகு 95 வாயில் இருக்கின்றன, அவற்றில் 15-ஐச் சுற்றி எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலைப்பு 95, நன்னிலை 80, நலிநிலை 15, இழப்பு 5. விளம்பரம் 95 என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் அந்தப் பதினைந்து பேரில் ஒருவன் நான். கீழ்த்தாடையில் ஈறு வீங்கி, துலக்கும்போது இரத்தம் கண்டது. வலிக்கவில்லை என்பதால் ஓராண்டு போகவில்லை.

குளச்சலிலிருந்து:

இரண்டு தடைகள். ஒன்று, ‘நன்னிலை’, ‘நலிநிலை’ இரண்டையும் தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள். நான் என் மனைவியிடம் சொன்னேன், மூன்றில் இரண்டு முறை மாறிக் கேட்டது. மருத்துவத்தில் எதிர்ச்சொற்கள் இவ்வளவு ஒத்து ஒலிக்கக் கூடாது. ‘நலிவு’ என்று வெட்டிவிடுங்கள். இரண்டு, திருகு வைத்த அன்று எலும்பில் எவ்வளவு இறுகி நிற்கிறது என்பதையும் ‘நிலைப்பு’ என்று எழுதுகிறார்களே, அதற்கு என்ன செய்வீர்கள்?

இழைக்கு வெளியே ஒன்று: நீங்கள் வாயில் வைக்கும் உலோகத்தின் தாது எங்கள் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் காலடியில் கிடக்கிறது. அங்கே கருமணலிலிருந்து பிரித்தெடுக்கும் இல்மனைட்டில் இருப்பது டைட்டானியந்தான். அதில் பெரும்பகுதி வெள்ளைச் சாயமாகிச் சுவருக்குப் போகிறது என்பது வேறு கதை.

தக்கலையிலிருந்து:

‘நலிவு’ ஏற்கிறேன். இறுக்கத்துக்கு ‘உறுதி’ என்று வைக்கலாம். திருகின் மரையால் முதல் நாள் கிடைப்பது முதலுறுதி, எலும்பு வளர்ந்து தருவது பின்னுறுதி. முதலாவது குறைந்து இரண்டாவது ஏறுவதற்குள் சில வாரங்கள் பள்ளம் விழும். அப்போது கடினமானதைக் கடித்துத் திருகு அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு சூழ்ந்துவிடும்.

சார், உங்களுக்கு வலிக்காததற்குக் காரணம் இருக்கிறது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு நார்ப்படலம் உண்டு. கடியின் அழுத்தத்தை உணர்த்துவது அதுதான். திருகுக்கு அது கிடையாது. எனவே நலிவு பெரும்பாலும் ஓசையில்லாமல் வரும். எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயும், ஈறுக்கும் திருகுக்கும் இடையே விழும் பையின் ஆழமும்தான் காட்டும். நீங்கள் வந்து காட்டுங்கள், இதை அஞ்சலில் தீர்க்க முடியாது.

நன்னிலைக்கு அளவுகோல் வேண்டும் என்று 1986-லேயே ஆல்பிரெக்ட்சனும் அவருடன் எழுதியவர்களும் வரையறுத்தார்கள்: அசைவு இல்லை, வலியோ தொற்றோ இல்லை, எக்ஸ்ரேயில் திருகைச் சுற்றிக் கருநிழல் இல்லை, முதலாண்டுக்குப் பிறகு எலும்பிழப்பு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. நிலைப்புக்கு இத்தகைய அளவுகோலே தேவையில்லை, எண்ணினால் போதும். முன்னோடியான பிரோனேமார்க் 1965-இல் ஸ்வீடனில் திருகு வைத்த முதல் நோயாளி 2006-இல் இறக்கும்வரை அந்தத் திருகுகள் பயன்பட்டன. அந்த நாற்பதாண்டைக் காட்டி என்னிடம் உறுதிமொழி கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது: சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? புகை உண்டா? முந்தைய பற்கள் ஈறு நோயில் போனவையா? இரவில் பல்லை நறநறக்கிறீர்களா? மேல்தாடையின் பின்பகுதி எலும்பு பெரும்பாலும் மென்மையானது, அங்கே வைப்பதென்றால் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத் தவறுகளையும் துண்டறிக்கையில் எழுதப்போகிறேன். துளையிடும்போது நீர் போதாமல் எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே கெட்டுவிடும். திருகின்மேல் பல்லுறையை ஒட்டப் பயன்படுத்தும் சிமெண்ட் ஈறுக்கடியில் தங்கினாலும் நலிவு வரும். “உங்கள் எலும்பு ஏற்கவில்லை” என்ற வாக்கியம் இவை அத்தனையையும் மறைத்துவிடுகிறது. எலும்பிணைவுக்குப் பதில் ‘எலும்பேற்பு’ என்று யாரோ இங்கே முன்பு சொன்னபோது நான் ஏன் மறுத்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

முதல் பக்கத்தில் இந்த வரி போகிறது: “நிலைப்பு வீதத்தை மட்டும் சொன்னால், நன்னிலை வீதம் என்ன என்று கேளுங்கள்.” ‘வீதம்’ வேண்டுமா ‘விகிதம்’ வேண்டுமா என்று யாரேனும் தொடங்குவதற்குள் அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.

குலசேகரத்திலிருந்து:

‘வீதம்’ சரி. சனிக்கிழமை காலை வருகிறேன்.