10 மணி வகுப்பு என்றால் 10 மணியா, 10:15-ஆ?

தாமிரபரணி:
"ஜெர்மனியில் பேராசிரியர்கள் நொடி பிசகாமல் வகுப்புக்கு வருவார்கள், நம் ஊர் வாத்தியார்கள் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று ஒருவர் வேறொரு இழையில் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சலாக வந்தது. எனக்கு இங்கே முதுகலையில் இது முதல் செமஸ்டர். அக்டோபர் நடுவில் முதல் வகுப்பு, அட்டவணையில் 10 மணி. இடம் கிடைக்காதோ என்று 9:45-க்கே போய் உட்கார்ந்தேன். 10 மணிக்கு அவ்வளவு பெரிய அரங்கத்தில் நாலே பேர், நாலு பேரும் இந்தியர்கள். பேராசிரியர் 10:15-க்கு வந்தார். ஒரு 'மன்னிக்கவும்' கூட இல்லை. வருகைப்பதிவு இல்லை. முடிந்ததும் எல்லாரும் மேசையைத் தட்டினார்கள், அது கைதட்டலாம். பாளையங்கோட்டையில் எனக்குக் கணக்கு எடுத்தவர் மழையிலும் பஸ் பிடித்து முதல் மணிக்கு முன்னால் வந்து நிற்பார். யார் யாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்?

ஆகன்வாசி:
தம்பி, வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் தீர்ப்பா? அது தாமதமே இல்லை. 'அகாடமிக் குவார்ட்டர்' என்று பெயர். நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று போட்டிருக்கும். 'கும் டெம்போரே', லத்தீன். 10 சி.டி. என்றால் 10:15. 'எஸ்.டி.' என்றால் சரியாக 10. கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் மாதா கோயில் மணி அடித்த பிறகு மாணவர்கள் நடந்து வந்து சேரக் கொடுத்த கால் மணி நேரம் என்பார்கள். நான் 2018-ல் வந்தவன். என் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தாமிரபரணி:
அண்ணா, 10:15-க்குத்தான் தொடங்கும் என்றால் 10:15 என்றே போட்டால் என்ன?

ஆகன்வாசி:
கணக்கைச் சொல்கிறேன். வாரத்துக்கு 2 மணி நேர வகுப்பு என்று பாடத்திட்டத்தில் இருந்தால், இங்கே ஒரு மணி என்பது 45 நிமிடம். இரண்டு 45 சேர்ந்தால் 90. 10:15 முதல் 11:45 வரை 90 நிமிடம். ஒரு நிமிடம் கூட உங்களுக்கு நஷ்டம் இல்லை. அடுத்த கட்டடத்துக்கு ஓட நேரமும் கிடைக்கிறது.

கொங்குத்தமிழன்:
45 நிமிடத்தை ஒரு மணி என்கிறார்கள், 10:15-ஐப் 10 என்கிறார்கள். இதற்கும் வக்காலத்து வாங்க இவர் வந்துவிடுவார். போன மாதம் முடக்கக் கணக்கு (மாணவர் விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டி வைக்கும் வங்கிக் கணக்கு) இழையிலும் இதே ஆள்தான், "நான் வந்தபோது சமாளித்தேன், நீங்களும் சமாளிக்கலாம்" என்று பாடம் எடுத்தார். அவர் வந்தபோது கட்டியது 8,640 யூரோ. நான் வந்தபோது 11,904. அந்த வித்தியாசத்துக்கு என் அப்பா நகைக்கடன் வைத்தார்.

ஆகன்வாசி:
கடனுக்கும் கால் மணி நேரத்துக்கும் என்ன சம்பந்தம்? அன்றும் இதே மாதிரிதான் பேச்சை மாற்றினீர்கள். 2018-ல் 8,640 திரட்ட என் வீட்டிலும் நிலம் போனது. அதை நான் இழைதோறும் சொல்லிக்கொண்டு திரியவில்லை.

மீனா_உப்சாலா:
ஸ்வீடனிலும் இதே வழக்கம் உண்டு. உப்சாலாவில் மாலை 6 மணிக்கு மேல் 'இரட்டைக் கால்' என்று அரை மணி நேரம். முதல் வாரம் நானும் குழம்பினேன், இரண்டாவது வாரம் பழகிவிட்டது. எனக்கு அதிர்ச்சி தந்தது வேறு. பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'சார்' வாய் வரை வந்து நின்றுவிடும்.

தாமிரபரணி:
பழகுவது வேறு அக்கா. 'நொடி பிசகாது' என்று எழுதியவருக்குத்தான் என் பதில். 10 என்று போட்டுவிட்டு 10:15-க்கு வந்தார்.

ஆகன்வாசி:
10 சி.டி.!

யாழ்_டோர்ட்முண்ட்:
நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் 8 மணிக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் வகுப்புப் பதிவேட்டில் எழுதுவார்கள். அப்படிப் பழகி யூனிக்குப் போன எனக்கே முதல் நாள் விளங்கவில்லை. ஆகன்வாசி அண்ணா, "கேட்டுத் தெரிந்துகொண்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். கேட்க ஆள் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? இன்னொன்று, நீங்கள் எல்லாரும் ஒரு நேர அட்டவணையைப் பற்றிக் கதைக்கிறீர்கள். மூன்று தரம் பரீட்சை தவறினால் பல இடங்களில் அந்தப் படிப்பே முடிந்து போகும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கோ.

கொங்குத்தமிழன்:
அதைச் சொல்ல மாட்டார். வருகைப்பதிவு இல்லாததைச் சுதந்திரம் என்பார். எங்கள் ஊரில் 75 சதவீதம் வராவிட்டால் தேர்வு எழுத விட மாட்டார்கள், அந்தக் கட்டாயத்தில்தான் என்னைப் போன்றவன் படித்து வந்தான். இங்கே யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரே தேர்வு, அதில் 4.0 எடுத்தாலே தேர்ச்சி (இங்கே 1.0 தான் உச்சம், 4.0 கடைசித் தேர்ச்சி மதிப்பெண்).

ஆகன்வாசி:
75 சதவீதத்துக்காகப் பின்வரிசையில் தூங்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இங்கே வருகிறவன் படிக்க வருகிறான். மேசையைத் தட்டுவது மரியாதை. அது தெரியாமல் ஊர் வாத்தியாரோடு ஒப்பிட்டு எழுதுவது அந்தப் பேராசிரியருக்கு அவமானம். அவர் 11:45 வரை 90 நிமிடம் நின்று பாடம் எடுத்தார். அதை யாரும் சொல்லவில்லை. திரும்பவும் எழுதுகிறேன்: இரண்டு 45, மொத்தம் 90.

தாமிரபரணி:
என் வாத்தியாரை இழுக்காதீர்கள். அவர் இல்லையென்றால் நான் இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டேன்.

ஆகன்வாசி:
இழுத்தது நீங்கள்தான் தம்பி, முதல் பதிவிலேயே. சரி, அட்டவணையைப் படம் எடுத்துப் போடுங்கள். சி.டி. இருக்கிறதா இல்லையா என்று எல்லாரும் பார்க்கட்டும்.

தாமிரபரணி:
போட்டிருக்கிறேன். 10:00 – 12:00. பக்கத்தில் ஓர் எழுத்தும் இல்லை.

கொங்குத்தமிழன்:
இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள்?

ஆகன்வாசி:
எழுத்து இல்லாவிட்டாலும் அதுதான் பொதுவழக்கு. எஸ்.டி. என்று தனியாகப் போட்டிருந்தால் மட்டுமே சரியாக 10. படத்தில் 12 வரை என்று இருக்கிறது. 11:45-க்கு விட்டாரா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தாமிரபரணி:
11:45-க்கு விட்டார். 10 என்று போட்டார், 10:15-க்கு வந்தார். அதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.