அந்த இரட்டை பெல்ட்: டபிள்யூ டபிள்யூ எஃப் டேக் டீம் பட்டமும் நம் அனுபவங்களும்

மூன்றாம்கயிறு (திரியைத் தொடங்கியவர்)

அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூ டபிள்யூ எஃப்பின் பெரிய பட்டத்தைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. ஹோகனா, பிரெட் ஹார்ட்டா, ஆஸ்டினா என்று விடிய விடியச் சண்டை போடுவோம். இருவர் ஜோடியாக, ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே வந்து மோதும் டேக் டீம் பட்டம் என்றால் மட்டும் பேச்சு சட்டென்று ஓய்ந்துவிடும். எனக்கு ரெஸ்லிங் பிடித்ததே அந்த பெல்ட்டால்தான். நேரில் பார்த்தவர்கள், டிவியில் பார்த்தவர்கள், கேசட்டில் பார்த்தவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். "எல்லாம் முன்பே பேசி வைத்ததுதானே" என்ற பஞ்சாயத்து வேண்டாம். யார் ஜெயிப்பார் என்பது முன்பே முடிவானதுதான், இங்கே எல்லோருக்கும் தெரியும். யாருக்குக் கொடுத்தார்கள், வாங்கியவர்கள் அதற்காக என்ன பாடுபட்டார்கள் என்பதைப் பேசுவோம்.

புதியவர்களுக்குச் சுருக்கமாக: 1971 ஜூனில் லூக் கிரஹாம், டார்சன் டைலர் இருவரும் முதல் சாம்பியன்கள். நியூ ஆர்லியன்ஸில் ஒரு போட்டித் தொடரில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். அப்படியொரு தொடர் நடக்கவே இல்லை என்கிறார்கள் பழைய பதிவுகளைத் துருவியவர்கள். 2010 ஆகஸ்டில் அந்தப் பட்டத்தை மூடிவிட்டார்கள். 2002ல் அதே நிறுவனத்தின் ஸ்மாக்டவுன் நிகழ்ச்சிக்கென்று தனியாக ஒரு டேக் டீம் பட்டம் வந்தது, அது வேறு. இங்கே பேசுவது பழையதை.

என் பங்கு பிரிட்டிஷ் புல்டாக்ஸ் ஜோடி. சேலத்தில் எங்கள் தெருமுனை வீடியோ கடையில் ரெஸில்மேனியா (வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் பெரிய நிகழ்ச்சி) கேசட் வாடகைக்குக் கிடைக்கும். 1986ல் நடந்த இரண்டாவது ரெஸில்மேனியாவை நாங்கள் பார்த்தது பல வருடம் கழித்துத்தான். டைனமைட் கிட், டேவி பாய் ஸ்மித் இருவரும் இங்கிலாந்தில் கோல்போர்ன் என்ற ஊரைச் சேர்ந்தவர்கள், நெருங்கிய சொந்தக்காரர்கள். எதிரில் கிரெக் வாலன்டைன், புரூட்டஸ் பீஃப்கேக். கடைசி நிமிடத்தை மட்டும் கேசட் தேயத் தேய ஓட்டிப் பார்ப்போம். டைனமைட் மூலையில் கயிற்றின் மேல் ஏறி நிற்பார். டேவி வாலன்டைனை இழுத்துக்கொண்டு வந்து அவர் தலையை டைனமைட்டின் தலையோடு மோதவிடுவார். வாலன்டைன் மல்லாந்து விழ, டேவி மேலே படுத்து, ரெஃப்ரி மூன்று எண்ணும் வரை அழுத்தி ஜெயித்துவிடுவார். டைனமைட் மேலிருந்து ரிங்குக்கு வெளியே தரையில் போய் விழுவார். தன் ஜோடிக்குப் பட்டம் கிடைக்கட்டும் என்று தலையைக் கொடுத்த ஆள்!

அதே ஆண்டு டிசம்பரில் கனடாவின் ஹாமில்டனில் நடந்த ஆட்டத்தில் அவர் முதுகு போய்விட்டது. 1987 ஜனவரியில் டாம்பாவில் பெல்ட்டைக் கைமாற்ற வேண்டும். நடக்க முடியாத டைனமைட்டை டேவி கைத்தாங்கலாக ரிங்குக்குக் கூட்டி வருவார். ஆரம்பத்திலேயே எதிர் ஜோடியின் மேனேஜர் ஜிம்மி ஹார்ட்டின் மெகாஃபோனால் ஒரு அடி, டைனமைட் வெளியே விழுந்துவிடுவார். கடைசி வரை அங்கேயேதான் கிடப்பார். ஹார்ட் ஃபவுண்டேஷன் ஜோடியான பிரெட் ஹார்ட், ஜிம் நைட்ஹார்ட் இருவரையும் டேவி ஒற்றை ஆளாகச் சமாளிப்பார். ரெஃப்ரி டேனி டேவிஸ் எதையும் கண்டுகொள்ள மாட்டார். டிவியில் அதை அநியாய நடுவரின் கதையாகக் காட்டினார்கள். கீழே கிடந்தவர் நிஜமாகவே எழுந்து நிற்க முடியாத நிலையில் இருந்தார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு அந்த ஆட்டத்தை என்னால் கைதட்டிப் பார்க்க முடியவில்லை.

டேவி கட்டியது பிரெட் ஹார்ட்டின் தங்கை டயானாவை. ஜிம் நைட்ஹார்ட் கட்டியது அக்கா எல்லியை. ஆக, பெல்ட் போனது மச்சான்கள் கைக்கு.

ரொறன்ரோவாசி

நல்ல திரி. என் கதை 1990 ஏப்ரல் 1, இங்கே ஸ்கைடோமில் நடந்த ஆறாவது ரெஸில்மேனியா. ஹோகனும் அல்டிமேட் வாரியரும் மோதுவதைப் பார்க்கத்தான் அவ்வளவு சனமும் வந்தது. 67,678 பேர் என்று அறிவித்தார்கள். அண்ணா வேலை செய்த இடத்தில் யாரோ கொடுத்த டிக்கட், கூரைக்குக் கிட்ட இருக்கை. அங்கிருந்து பார்க்க எல்லா ஆட்களும் எறும்பு மாதிரிதான். ஆந்த்ரே மட்டும் ஆளாகத் தெரிந்தார்.

அன்றைக்கு ஆந்த்ரேயும் ஹாக்குவும்தான் டேக் டீம் சாம்பியன்கள். ரிங்குக்கு நடக்கவில்லை, குட்டி ரிங் போல செய்த வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஆட்டத்தில் அடி, இடி எல்லாம் ஹாக்குவுக்கு. ஆந்த்ரே பெரும்பாலும் வெளியில் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை. அண்ணாதான் காதருகே சொன்னார், "பிடிக்காமல் நிற்க ஏலாது போல" என்று. கடைசியில் ஹாக்குவின் உதை தவறி ஆந்த்ரேயில் பட, அவர் கயிற்றுக்குள் சிக்கிவிட்டார். எதிர் ஜோடியான டெமாலிஷனின் ஸ்மாஷ் தன் முழங்கால் மேல் ஹாக்குவைக் கிடத்த, அவர் கூட்டாளி ஆக்ஸ் கயிற்றிலிருந்து முழங்கையோடு இறங்கினார். முடிந்தது.

பிறகு மேனேஜர் பாபி ஹீனன் ரிங்குக்குள் வந்து ஆந்த்ரேயைத் திட்டி, கன்னத்தில் ஒன்று போட்டார். ஆந்த்ரே அந்தக் கையைப் பிடித்தார். எங்கள் மேல்தட்டு வரை எல்லோரும் எழும்பி நின்று கத்தினோம். சில வருடங்களாக வில்லனாக இருந்தவரை ஒரே நொடியில் சனம் திருப்பி எடுத்துக்கொண்டது. ரெஸில்மேனியாவில் அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது. 1993 ஜனவரியில் இறந்துவிட்டார்.

இன்னொன்று. அந்தக் கூட்டத்தில் எங்களைப் போலவே பார்வையாளராக ஒரு 16 வயதுப் பெடியன் இருந்திருக்கிறார், ஒன்ராறியோவின் ஓரஞ்ச்வில்லைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் எட்ஜ் என்று பெயர் எடுத்தவர் அவர்தான்.

ஏணிக்காரன்

@ரொறன்ரோவாசி, ஏப்ரல் 1 என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரியாகப் பதினோரு வருடம் கழித்து, 2001 ஏப்ரல் 1 அன்று, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் அதே பட்டத்துக்காக எட்ஜும் கிறிஸ்டியனும் ஏணி ஏறினார்கள். மேஜை, ஏணி, நாற்காலி ஆட்டம். ரிங்குக்கு மேலே தொங்கும் பெல்ட்டை ஏணி ஏறி எடுக்கும் ஜோடிக்கே வெற்றி. டட்லிகள் சாம்பியன்கள், மூன்றாவது ஜோடி ஹார்டி சகோதரர்கள்.

கோயம்புத்தூரில் எங்கள் ஹாஸ்டல் டிவி ஹாலில் பார்த்தோம். கிரிக்கெட்டுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது. ஜெஃப் ஹார்டி ரிங்குக்கு மேலே தொங்கும் பெல்ட்டை எட்டிப் பிடிக்கிறார், கீழே இருந்து டட்லிகளில் ஒருவரான பப்பா ரே ஏணியை உருவிவிடுகிறார். ஜெஃப் பெல்ட்டைப் பிடித்தபடி அந்தரத்தில் ஆடுகிறார். எதிரில் இன்னும் உயரமான ஏணியில் எட்ஜ். அங்கிருந்து பாய்ந்து ஜெஃப்பின் இடுப்பில் மோதி இருவருமாகத் தரைக்கு வருகிறார்கள். ஹாலில் ஒரு சத்தமில்லை. பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் கத்தினோம், வார்டன் ஓடி வந்துவிட்டார்.

அந்த மூன்று ஜோடிகள் இந்தப் பட்டத்துக்குச் செய்ததை வேறு யாரும் செய்யவில்லை என்பது என் உறுதியான கருத்து. 2000 ஏப்ரலில் அனஹைமில் மும்முனை ஏணி ஆட்டம், அதே ஆகஸ்டில் ராலேயில் முதல் மேஜை, ஏணி, நாற்காலி ஆட்டம், அப்புறம் ஹூஸ்டன். மூன்றிலும் ஜெயித்தது எட்ஜ், கிறிஸ்டியன்தான். ராலே ஹார்டிகளின் சொந்த மாநிலத்து ஊர், அங்கேயே அவர்களைத் தோற்க வைத்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் நிகழ்ச்சியிலேயே பெரிய விஷயம் டேக் டீம் பட்டம்தான் என்று தோன்றிய இரவுகள் உண்டு. அதற்கு அவர்கள் கொடுத்த விலை அவர்கள் உடம்பில் இருக்கிறது. எட்ஜ் கழுத்துப் பிரச்சினையால் 2011ல் ஓய்வு அறிவித்தபோது (2020ல் திரும்பி வந்தார்) எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பாய்ச்சல்தான்.

வெம்ப்ளி92

எல்லோரும் பெரிய ஆட்டங்களாகச் சொல்கிறீர்கள். நான் ஒரு சின்ன ஆட்டம் சொல்கிறேன். 1992 ஆகஸ்ட் 29, லண்டன் பழைய வெம்ப்ளி மைதானத்தில் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சி. மாமா கூட்டிக்கொண்டு போனார். டேவி பாய் பிரெட்டிடம் ஜெயித்ததைத்தான் எல்லோரும் இன்றைக்கும் கதைப்பார்கள், அது சரிதான். லீஜன் ஆஃப் டூம் ஜோடி மோட்டார் சைக்கிளில் வந்த காட்சியும் மறக்காது.

டேக் டீம் பட்டத்துக்கு மோதியது நேச்சுரல் டிசாஸ்டர்ஸ் ஜோடியும் பெவர்லி பிரதர்ஸ் ஜோடியும். அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் நேச்சுரல் டிசாஸ்டர்ஸில் ஒருவரான எர்த்க்வேக் ரிங்குக்குள் குதித்துக் குதித்துத் தரையை அதிர வைக்கும்போது எங்கள் பக்கத்துச் சனமும் சேர்ந்து காலால் தட்டியது. என் இருக்கைக்குக் கீழே அந்த அதிர்வு வந்தது. பிறகு ஓடி வந்து எதிராளியின் நெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார், ரெஃப்ரி எண்ணி முடித்தார். எர்த்க்வேக் என்ற ஜான் டெண்டா ஒரு காலத்தில் ஜப்பானில் சுமோ வீரர். இவ்வளவு பாரம் இருந்தும் எதிராளிக்கு அடிபடாமல் உட்காரத் தெரிந்த மனிதர் என்று சக வீரர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2006ல் இறந்துவிட்டார்.

அக்காவும்தங்கையும்

நானும் என் தங்கையும் வீட்டில் ரெஸ்லிங் பைத்தியங்கள். பசங்க எல்லாம் டிரம்ப் கார்டில் உயரம், எடை என்று மோதிக்கொண்டிருக்க, நாங்கள் கட்டில் காலில் துப்பட்டாவின் ஒரு முனையைக் கட்டி டேக் டீம் ஆடுவோம். மூலையில் ஒரு குட்டிக் கயிறு தொங்கும், கவனித்திருக்கிறீர்களா? வெளியே நிற்பவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் கையை நீட்ட வேண்டும். உள்ளே ஒருவர் அடிவாங்கித் தவழ்ந்து வருவார், விரல் நுனிக்கும் விரல் நுனிக்கும் நடுவில் ஒரு ஜாண்தான் பாக்கி, அப்போது காலைப் பிடித்து இழுத்துவிடுவான் வில்லன். அந்தக் குட்டிக் கயிறு இல்லாவிட்டால் இந்த ஆட்டமே இல்லை. என் தங்கை துப்பட்டாவை விட்டுவிட்டு ஓடி வந்தால் நான் டேக்கை ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஜோடி ராக்கர்ஸ், ஷான் மைக்கேல்ஸும் மார்ட்டி ஜனெட்டியும். அவர்கள் ஏன் ஒரு முறைகூட சாம்பியன் ஆகவில்லை என்று எங்களுக்குத் தீராத குறை. ஆனார்கள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது! 1990 அக்டோபர் 30, இந்தியானா மாநிலம் ஃபோர்ட் வெய்னில் ஹார்ட் ஃபவுண்டேஷனிடமிருந்து பெல்ட்டை ஜெயித்திருக்கிறார்கள். மூன்று சுற்றில் இரண்டை ஜெயிக்க வேண்டிய ஆட்டம். நடுவில் மேல் கயிறு அறுந்து ஆட்டம் சீர்கெட்டுப் போனது. நிறுவனமும் மனதை மாற்றிக்கொண்டது. ஆட்டத்தை டிவியில் காட்டவே இல்லை, பெல்ட் பழையபடி ஹார்ட் ஃபவுண்டேஷனிடம். அதிகாரப்பூர்வப் பட்டியலில் ராக்கர்ஸ் பெயர் கிடையாது.

பிறகு 1994ல் ஜனவரியில் ஜனெட்டி 1-2-3 கிட் என்ற வீரருடன் சேர்ந்து வாங்கினார், ஆகஸ்டில் மைக்கேல்ஸ் டீசல் என்ற வீரருடன் சேர்ந்து வாங்கினார். இருவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் வேறு பெயர். எங்கள் வீட்டுக் கணக்கில் ராக்கர்ஸ் சாம்பியன்கள்தான். தங்கையும் இதைப் படிக்கிறாள், அவளும் கையெழுத்துப் போடுவாள்.

தனிஆவர்த்தனம்

எல்லோரும் உண்மையான ஜோடி, உண்மையான ஜோடி என்கிறீர்கள். இந்தப் பட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதியே ஒட்டாத இருவரைச் சேர்த்துவிட்ட காலம்தான். 1997 மே மாதம் ஆஸ்டினும் ஷான் மைக்கேல்ஸும் ஓவன் ஹார்ட், டேவி பாய் ஜோடியிடமிருந்து ஜெயித்ததைப் பாருங்கள். இருவருக்கும் ஆகாது, இருந்தும் பெல்ட் தோளில். 1999ல் ராக்கும் மேன்கைண்டும் சேர்ந்தபோது வாரா வாரம் அவர்களுக்காகவே காத்திருந்தேன். ஒரு நாள் கூட்டணியில் ஒரு நாடகம் இருக்கிறது. யார் யாரை எப்போது கைவிடுவார் என்று நகத்தைக் கடித்துக்கொண்டு பார்ப்போம்.

மூன்றாம்கயிறு

@தனிஆவர்த்தனம், நாடகம் உண்டு, மறுக்கவில்லை. ராக், மேன்கைண்ட் ஜோடி எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் பட்டம் வெறும் சாக்கு. இருவருக்கும் நடுவில் சண்டை மூட்ட ஒரு பொருள் வேண்டும், பெல்ட் கையருகே இருந்தது. அப்படிப் பழகிப் பழகித்தான் நிஜமான ஜோடிகளை வளர்க்கும் பொறுமை போனது. டெமாலிஷன் 1988 மார்ச்சிலிருந்து 1989 ஜூலை வரை 478 நாள் வைத்திருந்தார்கள். அதற்கு முன் 1974, 75ல் ஜிம்மி, ஜானி வேலியன்ட் 370 நாள். அப்படி ஒரு ஜோடி வைத்திருந்தால் எதிரே வருகிற ஜோடிக்கும் மதிப்பு ஏறும். 1990களின் நடுவில் பெல்ட் கைமாறின வேகத்தில் யார் சாம்பியன் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

2009ல் இருபத்தைந்தாவது ரெஸில்மேனியாவில் கார்லிட்டோ, பிரைமோ சகோதரர்கள் மிஸ், மாரிசன் ஜோடியை ஜெயித்து இரண்டு டேக் டீம் பட்டங்களையும் ஒன்றாக்கினார்கள். 38 வருடப் பட்டத்தை இன்னொன்றோடு சேர்க்கும் ஆட்டம், அதை முக்கிய ஒளிபரப்பில்கூடக் காட்டவில்லை, நிகழ்ச்சி தொடங்குமுன் நடத்தி முடித்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. மறு ஆண்டு ஆகஸ்டில் ஹார்ட் டைனஸ்டி ஜோடிக்குப் புது பெல்ட்டைக் கொடுத்துப் பழையதை நிறுத்தினார்கள். கொடுத்தவர் பிரெட் ஹார்ட். வாங்கியவர்களில் ஒருவர் டேவி பாயின் மகன் டேவிட் ஹார்ட் ஸ்மித். மாமனும் மருமகனும்.

ரொறன்ரோவாசி

குடும்பக் கதை என்றால் சமோவாக்காரர்களை விட்டுவிட்டுப் போக முடியாது. ஆஃபா, சிகா என்ற வைல்டு சமோவன்ஸ் மூன்று தடவை சாம்பியன்கள். 1983ல் அவர்களிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர்கள் டோனி அட்லஸும் ராக்கி ஜான்சனும், அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஜோடி. ராக்கி ஜான்சனின் மகன்தான் ராக், மேலே சொன்ன 1999 சாம்பியன். 1994ல் ஹெட்ஷ்ரிங்கர்ஸ் ஜோடி ஜெயித்தது. அதில் சாமு ஆஃபாவின் மகன், ஃபாட்டு ஆஃபாவின் சகோதரி மகன். ஃபாட்டுவின் இரட்டைப் பிள்ளைகள்தான் ஊசோஸ் என்ற ஜோடி. அவர்கள் 2021 முதல் 2023 வரை ஸ்மாக்டவுன் பட்டத்தை 622 நாள் வைத்திருந்து டெமாலிஷன் கணக்கையெல்லாம் தாண்டிவிட்டார்கள்.

ஹெட்ஷ்ரிங்கர்ஸை அந்தக் காலத்தில் நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அவர்கள் ஆட்டம் எதுவும் முழுதாக எனக்குக் கிடைத்ததில்லை.