மசாஜ் கன்: ஆடி ஓய்ந்த கால்களுக்குச் சின்னதா, பெரியதா?

செம்பூர் நாட்டிய டீச்சர்:

வணக்கம். இருபது வருடமாக மும்பை செம்பூரில் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். வயது 46. காலையில் வீட்டிலேயே வகுப்பு. செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் ஹார்பர் லைன் ரயில் பிடித்து நெருலில் இன்னொரு வகுப்பு. தட்டுக்கழியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சின்னக் குழந்தைகளுக்கு வராது, நானும் அரைமண்டியில், அதாவது முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில், நின்று காட்ட வேண்டும். தட்டடவு, நாட்டடவு எல்லாம் மூன்று கால வேகத்திலும் கூடவே ஆடிவிட்டு எட்டரை மணி ரயிலுக்கு நடக்கும்போது கெண்டைக்கால் கல்லாகி இருக்கும். தொடையின் வலி மறுநாள் காலை படி இறங்கும்போதுதான் தெரியும்.

ஒரு மாணவியின் அப்பா பெரிய மசாஜ் கன் (தசையைப் படபடவென்று தட்டி இளக்கும் கைமெஷின்) வைத்திருக்கிறார். போன வாரம் வாங்கித் தொடையில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு இதம்! ஆனால் அவர்கள் சமையலறைத் தராசில் அது 1 கிலோ 100 கிராம் காட்டியது. என் பையில் ஏற்கெனவே தட்டுமனை, கழி, தாளம், மாற்றுப் புடவை எல்லாம் இருக்கின்றன. மாலை நேர ரயிலின் லேடீஸ் டப்பாவில் அந்தப் பையைத் தோளில் மாட்டி நின்றுகொண்டேதான் போக வேண்டும். கடையில் பார்த்த சின்னது அரைக் கிலோகூட இல்லை. ஆனால் தொடையில் வைத்தால் மேல்தோல் மட்டும் அதிர்வது போல இருந்தது.

இன்னும் மூன்று விஷயம். கழி பிடித்துப் பிடித்து என் வலது மணிக்கட்டு ஏற்கெனவே பலவீனம். இடது முன்னங்கால் எலும்பில் ஒரு மாதமாக வலி. வீட்டில் அம்மாவுக்கு 72 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். அவருக்கும் இதைப் போட்டுப் பார்க்க ஆசை. எதை வாங்கட்டும்?

டோம்பிவ்லி ஓட்டக்காரர்:

டீச்சர், என்னிடம் இரண்டுமே இருக்கின்றன. மும்பை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும்போது முதலில் பெரியது வாங்கினேன், பிறகு சின்னது.

உங்களுக்கு மேல்தோல் மட்டும் அதிர்ந்ததற்குக் காரணம், தலை முன்னும் பின்னும் போய்வரும் தூரம். அதை மில்லிமீட்டரில் சொல்வார்கள். தெரகன் ப்ரோ என்ற பெரிய மாடலுக்கு அது 16, அதே கம்பெனியின் மினிக்கு 12. மலிவான சின்னவற்றில் 6, 7 மட்டுமே இருக்கும். அது தோலைக் குலுக்குமே தவிரத் தொடைத் தசைக்குள் இறங்காது. பெட்டியில் நிமிடத்துக்கு 3200 சுற்று என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். வேகம் வேறு, ஆழம் வேறு. ஆழம் எழுதவில்லை என்றால் தலைக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள், எவ்வளவு தூரம் போய்வருகிறது என்று அப்படியே தெரிந்துவிடும்.

அடுத்தது, அழுத்தினால் மோட்டார் நின்றுவிடுமா என்பது. ப்ரோ ஏறக்குறைய 27 கிலோ அழுத்தம் வரை தாங்கும். மினி 9 கிலோவில் நின்றுவிடும். கெண்டைக்காலுக்கு அவ்வளவு அழுத்தமே தேவையில்லை. தொடைக்கும் இடுப்புக்கும்தான் வித்தியாசம் தெரியும்.

என் அனுபவத்தில் சின்னதுதான் தினமும் கைக்கு வருகிறது. ஓடி முடித்த கையோடு போட்டுக்கொள்கிறேன். பெரியது ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு அப்புறம் மட்டும். நீங்கள் 10 மில்லிமீட்டருக்குக் குறையாத சின்னதாகத் தேடுங்கள்.

மாட்டுங்கா மிருதங்கம்:

மணிக்கட்டு பற்றிச் சொன்னீர்களே, அதற்காக எழுதுகிறேன். பெரியதை ஒரே கையில் பிடித்துப் பத்து நிமிடம் ஓட்டினால் அந்த அதிர்வு பிடித்த கைக்கே ஏறுகிறது. நான் வாசிக்கிறவன், அதனால் அதைத் தொடுவதையே விட்டுவிட்டேன். இடது கையால் பிடித்துப் பழகுங்கள் மேடம். இறுக்கிப் பிடிக்கவே வேண்டாம், அதன் கனத்திலேயே தசை மேல் உட்காரட்டும்.

முலுண்ட் பிசியோ:

அக்கா, அம்மா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். இந்த இடி பட்டால் தோலுக்கடியில் ரத்தம் கட்டும். அவருக்குச் சின்னதும் வேண்டாம், பெரியதும் வேண்டாம். அவருடைய டாக்டர் சரி என்று சொன்னால் ஒழியத் தொடாதீர்கள்.

அடுத்து உங்கள் எலும்பு வலி. விரல் நுனியால் அமுக்கிப் பாருங்கள். முன்னங்கால் எலும்பின் உள் ஓரமாக விரல் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஆட்டத்தில் வரும் அழற்சி. ஒரு நாணய அளவு இடத்தில் மட்டும் சுரீர் என்று வலித்தால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். தரையில் ஓங்கித் தட்டி ஆடுகிறவர்களுக்கு அது வரும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகும், எம்ஆர்ஐ கேட்பார்கள். அது தெளிவாகும் வரை அந்தக் காலின் எலும்பு மேலோ பக்கத்திலோ மெஷினை வைக்காதீர்கள். கழுத்தின் முன்பக்கமும், நரம்பு சுருட்டிய இடமும் எப்போதுமே கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது தசைப்பிடிப்பு இல்லை, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2020-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் கெண்டைக்காலில் ஐந்து நிமிடம் போட்டபோது கணுக்கால் மடங்கும் அளவு சுமார் 5 டிகிரி கூடியது, பலமும் குறையவில்லை. அரைமண்டிக்கு அந்த மடக்கம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் நேரத்தைக் கூட்டாதீர்கள். ஒரு தசைக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். சைக்கிள் ஓட்டிய களைப்புக்கு இதைப் போட்டுக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்குத் தொடைத் தசை சிதைந்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் போன சம்பவம் 2021-இல் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. வலிக்க வலிக்க அழுத்துவதில் நன்மை எதுவும் இல்லை.

செம்பூர் நாட்டிய டீச்சர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஸ்கேலை எடுத்துக்கொண்டே கடைக்குப் போனேன். முதலில் பார்த்த சின்னதில் 6 மில்லிமீட்டர்தான் வந்தது. இன்னொன்றில் சரியாக 10, எடை 520 கிராம். அதையே வாங்கிவிட்டேன். நெருலில் வகுப்பு முடிந்து சலங்கை கழற்றும்போது கெண்டைக்கால் இளகினால்தான் எனக்கு ரயில் ஏற முடியும், அந்த நேரத்தில் பையில் இருப்பதுதான் உதவும். தொடைக்கு அந்த மாணவி வீட்டில் சனிக்கிழமை பெரியதைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். அவர்களும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். அம்மாவிடம் காரணத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார், வெந்நீர் ஒத்தடமே போதும் என்று விட்டார்.

எலும்பை அமுக்கிப் பார்த்தேன். முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, ஒரே புள்ளியில்தான் வலி. திங்கட்கிழமை எலும்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை பெரிய மாணவிகளை முன்வரிசையில் நிறுத்தி ஆடச் சொல்லிவிட்டு, கழியோடு உட்கார்ந்தே வகுப்பு எடுக்கிறேன்.