வேலையிடத்தில் ரத்தம், சிறுநீர் எடுத்த அனுபவம் உண்டா?

மண்டபம்_பட்டறை:
ஃபைபர் படகுப் பட்டறை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், ரெசின் டின்னைத் திறந்தாலே கண் எரியும். எல்லாம் ரெசினிலிருந்து கிளம்புகிற ஸ்டைரீன் ஆவி. முகாம் போட்டுச் சிறுநீர் வாங்கிப் போனார்கள். அப்புறம் ஒருவர் வந்து, "எல்லாருக்கும் நார்மல்" என்று தாளை நீட்டினார். ரோலர் உருட்டியே வயசான ஒரு அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். "தம்பி, திங்கக்கிழமை காலையிலதானே எடுத்தீக? ஞாயித்துக்கிழமை பூரா நான் கோயில்லயும் வீட்லயும்ல கெடந்தேன்!" வந்தவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டைரீன் உடம்பில் மாண்டலிக் அமிலமாக மாறி (சிறுநீரில் பார்ப்பது அதைத்தான்), பெரும்பகுதி ஒரு நாளுக்குள் வெளியே போய்விடும். வேலை முடிகிற நேரத்தில் எடுக்காமல் என்ன சோதனை அது?

கீழக்கரை_சபுராளி:
உங்களுக்கு ஒன்றுமில்லை என்றார்கள், எனக்குச் சிறுநீரில் ஆர்சனிக் என்கிற நஞ்சு எக்கச்சக்கம் என்றார்கள். வெளிநாட்டில் உருக்காலை வேலை. ரிப்போர்ட் வந்த அன்றே என்னை உலைப் பக்கம் விடவில்லை, ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள் என்று பேச்சு. கிளினிக்கில் இருந்த மலையாள நர்ஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மூணு நாளா என்ன சாப்பிட்டீங்க?" ஊரிலிருந்து வந்த காக்கா (அண்ணன்) கொண்டுவந்த கருவாடு, நண்டு ஆணம் (குழம்பு) என்றேன். சிரித்துவிட்டார். மீன், நண்டில் இருக்கிற ஆர்சனிக் வேறு வகை. பெரிய கெடுதல் செய்யாமல் சிறுநீரில் போய்விடும், ஆனால் மொத்தக் கணக்கில் அதுவும் சேர்ந்துவிடும். மீனை நிறுத்தி, வகை பிரித்துப் பார்த்ததும் சரியாக வந்தது. நம்மூர்க்காரனை மீன் இல்லாமல் சோறு தின்னச் சொல்வது தனித் தண்டனை.

ஆர்எஸ்மங்கலம்_மிளகாய்:
மண்டபத்தார் சும்மா லேப்பைக் குறை சொல்கிறார். என் மச்சான் மிளகாய்க்கு மருந்து அடித்துவிட்டு வந்து விழுந்தார். வாயில் எச்சில் ஒழுகுது, கண்ணின் பாப்பா கடுகளவு. பூச்சி மருந்து உடம்பில் ஏறினால் குறைகிற கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை ரத்தத்தில் பார்த்தால் நார்மலுக்குள்தான் இருக்கிறது! டாக்டர் கேட்டார், "பழைய ரிப்போர்ட் இருக்கா?" எங்கே இருக்கும்? ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதால் அவரவர் பழைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும்; அதில் 70 சதவீதத்துக்கு இறங்கினால் மருந்துப் பக்கமே போகக் கூடாது. ஆகவே எல்லாரும் சீசனுக்கு முன்னாடியே ஒரு தடவை எடுத்து வையுங்கள். அடித்த சட்டையோடு வீட்டுக்குள் போகாதீர்கள். பட்டறைக்காரர்கள் சோதனைக்கு முன்னால் தண்ணி போடாதீர்கள், ஸ்டைரீன் மாறுவதே தாமதமாகும். பெயின்ட், தின்னர் ஆட்கள் பாட்டில் கூல்டிரிங்க்ஸ் குடிக்காதீர்கள். தின்னரில் இருக்கிற டொலுவினுக்காகச் சிறுநீரில் பார்க்கிற ஹிப்யூரிக் அமிலம், கூல்டிரிங்க்ஸ் கெடாமல் இருக்கப் போடுகிற பென்சோவேட்டாலும் ஏறும். கையுறை போடுங்கள். போட்ட கையோடு பீடி பற்ற வைக்காதீர்கள்.

மண்டபம்_பட்டறை:
அண்ணே, நான் லேப்பை எங்கே சொன்னேன்? நாள் குறித்தவரைத்தான் சொன்னேன். மச்சான் இப்ப எப்படி இருக்கார், அதைச் சொல்லவே இல்லையே? அடுத்த முகாமைச் சனிக்கிழமை சாயங்காலம் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். அன்றைக்குச் சம்பளப் பட்டுவாடா, கூட்டம் போட முடியாது என்கிறார் முதலாளி. வெள்ளிக்கிழமையாவது கேட்டுப் பார்க்கணும்.